இரும்பு ஜன்னல் கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது, மாற்ற பத்து நாள் ஆகும், அதுவரை என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

வணக்கம். சென்னை தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய கட்டடம், இரும்புச் சட்டம் போட்ட இரட்டைக் கதவு ஜன்னல், வெளிப்பக்கமாகத் திறக்கும், உள்ளே கம்பி. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கதவின் கீழ்க் கண்ணாடியில், மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு பார்த்தேன். யாரும் எதையும் எறியவில்லை, பந்தும் படவில்லை. புதன்கிழமை பார்த்தால் அது ஒரு ஜாண் நீளத்துக்கு வளைந்து ஓடியிருக்கிறது. செல்லோ டேப் ஒட்டினேன், இரவு பெய்த மழையில் பாதி பிரிந்து தொங்குகிறது.

கண்ணாடி போனால் போகட்டும். ஆனால் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அடிபம்பு இருக்கிறது. காலை ஐந்தரை மணியிலிருந்து குடத்தோடு ஆட்கள் நிற்பார்கள், பிள்ளைகளும் அங்கேயே விளையாடும். ஒரு துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்து இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்துதான் மாற்றித் தருவேன் என்கிறார். சூப்பர் க்ளூ விட்டால் விரிசல் நிற்குமா? பக்கத்து வீட்டு அக்கா நெயில் பாலிஷ் பூசச் சொல்கிறார். அட்டை வைத்து அடைத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நூல் கணக்கு எழுதியது:

அக்கா, கண்ணாடி பொருத்தும் வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது, அதில் பாதி ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை இந்தக் கடலோரத்து வீடுகள்தான். எதுவும் படாமல் மூலையிலிருந்து கிளம்பி வளைந்து ஓடுகிறது என்றால் அநேகமாகச் சட்டம்தான் கண்ணாடியை நெரிக்கிறது. கல் பட்டிருந்தால் பட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் கோடு போயிருக்கும். நம் பக்கம் உப்புக் காற்று, இரும்பு துருப்பிடித்தால் முன்பு இருந்ததை விடப் பல மடங்கு உப்பும், கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்க ஓரத்தில் பூசுகிற லப்பமோ (புட்டி) காய்ந்து கல்லாகியிருக்கும். கண்ணாடிக்கு நகர இடமே இல்லை, ஓரத்தில் அறுக்கும்போது விழுந்த சின்னப் பிசிறு ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து பிளக்கும். வெயில் நடுக்கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருக்க, சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் சூடாகாமல் இருந்தாலும் இப்படி ஓரத்தில் கிளம்பும். ஆனால் உங்களுடையது துருவாகத்தான் தெரிகிறது, கதவு மூலையில் பெயிண்ட் உப்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

மழை இரவில் அது நீண்டதற்கும் காரணம் உண்டு. விரிசலின் நுனியில் ஈரம் போனால் அந்த இடத்தில் கண்ணாடியின் பிணைப்பு மெதுவாக அறுபடும், யாரும் தொடாமலே கோடு வளரும். அதனால் நெயில் பாலிஷ் வீண் என்று சொல்ல மாட்டேன், நன்றாகக் காய்ந்த மயிரிழை விரிசலில் பூசினால் ஈரம் போவதைக் கொஞ்சம் தடுக்கும். சூப்பர் க்ளூவும் அப்படித்தான், தண்ணீர் மாதிரி இருப்பதால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், அது பரவாயில்லை. ஆனால் இரண்டுமே பலம் தராது. சட்டம் நெரித்துக்கொண்டே இருக்கும்போது எந்தப் பசையும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்னொன்று, சூப்பர் க்ளூ விடும்போது பருத்திக் கையுறையோ பழைய பனியன் துணியோ வேண்டாம், பஞ்சில் நிறையச் சிந்தினால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடாகும், புகையும் வரும்.

இப்போது உங்களுக்கு வேண்டியது விரிசலை ஒட்டுவது இல்லை, உடைந்தாலும் துண்டு கீழே போகாமல் பிடித்து வைப்பது. கடையில் பார்சல் ஒட்டும் அகல டேப் கேளுங்கள், இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ, கண்ணாடி மாதிரித் தெரிவது. மழை விட்ட மதிய நேரத்தில் காய்ந்த துணியால் துடையுங்கள், அப்புறம் ஸ்பிரிட்டோ கை கழுவும் சானிடைசரோ ஒரு துணியில் நனைத்துத் துடைத்துக் காய விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் மட்டும் காட்டாதீர்கள், ஒரே இடத்தில் சூடு பட்டால் விரிசல் கண் முன்னாலேயே ஓடிவிடும். முதலில் விரிசல் போகும் வழியிலேயே ஒரு பட்டை, கட்டை விரலால் அழுத்தாமல் துணியால் நீவி விடுங்கள். அதன் பிறகு கண்ணாடி முழுவதும் மேலிருந்து கீழாக வரிசையாக, ஒரு பட்டையின் மேல் அடுத்தது அரை அங்குலம் ஏறும்படி ஒட்டுங்கள், ஒவ்வொரு பட்டையும் இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு விரல் அளவு ஏற வேண்டும். இதுதான் முக்கியம். கண்ணாடியில் மட்டும் ஒட்டினால் துண்டும் டேப்பும் சேர்ந்து விழும்.

வெளிப்பக்கத்துக்கு, நல்ல கதவைத் திறந்து கம்பிக்குள் கை விட்டு எட்டினால் அங்கேயும் அதே மாதிரி ஒட்டுங்கள், எட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஸ்டூல் போட்டு வளைந்து நெளிந்து முயற்சி வேண்டாம். விரிசல் விழுந்த கதவின் கொக்கியைப் போட்டு, திறக்கவே முடியாதபடி கம்பியோடு கட்டிவிடுங்கள், காற்றில் ஒரு முறை அடித்தால் மொத்தமும் போய்விடும்.

படகுக்கூடம் எழுதியது:

காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கிற இடத்தில் என் மாமா வேலை செய்கிறார். ரெசின் என்கிற பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து ஃபைபர் பாயில் தடவி ஒட்டினால் படகின் அடிப்பக்கமே தாங்குகிறது, ஜன்னல் கண்ணாடிக்குத் தாங்காதா? ஒரு சின்ன டப்பாவில் கேட்டால் கொடுப்பார்கள்.

நூல் கணக்கு எழுதியது:

தம்பி, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் அந்த ரெசின் இறுகும்போது சுருங்கும், விரிசல் விட்ட கண்ணாடியை அதுவே இழுக்கும். வீட்டுக்குள் அந்த நாற்றம் தலைவலி கொடுக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடியதும் கூட, பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டால் பத்து நாள் கழித்துக் கண்ணாடியைக் கழற்றுகிறவருக்குப் பெரிய தொல்லை. தற்காலிக வேலை என்றால் சுலபமாகப் பிரிக்க முடிய வேண்டும். டேப்பின் பசை தங்கினால் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

கார் கண்ணாடிக்கு வெயிலில் இறுகும் ரெசின் விற்கிறார்கள், அதையும் சிலர் கேட்பார்கள். காரின் முன் கண்ணாடி இரண்டு தாள் கண்ணாடிக்கு நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். நம் ஜன்னலில் இருப்பது ஒற்றைத் தாள், அதற்கு அந்தக் காசு செலவழிக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை பாட்டி வீடு எழுதியது:

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் வீட்டு ஜன்னலில் எல்லோரையும் போலப் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டியிருந்தோம். மதியம் ஒரு கதவு அடித்து உடைந்தபோது அந்தக் கண்ணாடி பொடியாகாமல், டேப்போடு சேர்ந்து அரிவாள் மாதிரி இரண்டு பெரிய துண்டாக வந்து கட்டில் மேல் விழுந்தது. பாட்டி பத்து நிமிடம் முன்புதான் அங்கிருந்து எழுந்து சமையலறைக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவர் எழாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் மனம் நடுங்குகிறது. அதனால் குறுக்கே இரண்டு பட்டை ஒட்டி விட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், மேலே அண்ணன் சொன்ன மாதிரி முழுக்க ஒட்டுங்கள்.

அக்கா, அட்டை வேண்டாம், ஐப்பசி மழையில் ஒரே இரவில் ஊறி விழும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் சன்பேக் ஷீட் இருக்கும், உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. அதை ஜன்னல் அளவுக்கு வெட்டி உள்பக்கம் கம்பியோடு கட்டுக் கம்பியால் கட்டிவிட்டால் சாரலும் வராது, துண்டும் வீட்டுக்குள் சிதறாது, வெள்ளையாக வாங்கினால் வெளிச்சமும் வரும்.

கீழே பம்பில் நிற்கிறவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் சொன்னால்தான் நகர்ந்து நிற்பார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே பழைய பெஞ்சையோ இரண்டு டிரம்மையோ போட்டு வைத்தால் பிள்ளைகள் அந்த இடத்தில் நிற்க மாட்டார்கள். உடைந்த துண்டை எடுக்கும்போது காலில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், நாலைந்து தாள் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்து மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணாடி’ என்று எழுதி, குப்பை எடுக்க வருகிறவர் கையில் சொல்லிக் கொடுங்கள். பாலிதீன் பையில் போட்டு வைத்தால் கிழிபடுவது அவர் கைதான்.

தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் மழை விட்டிருந்தது, உட்கார்ந்து முழுக்க ஒட்டிவிட்டேன். உள்ளே பதினோரு பட்டை, வெளியே கை எட்டிய வரைக்கும் ஏழு. அண்ணன் சொன்னது அப்படியே சரி, கீழ் மூலையில் பெயிண்டைத் தொட்டதும் பட்டை பட்டையாகத் துரு உதிர்ந்தது, இரும்பு உப்பிக் கண்ணாடி மேல் ஏறி நிற்கிறது. விரிசல் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், இன்று காலை வரை அதைத் தாண்டவில்லை. பம்பில் சொன்னேன், யாரும் கோபப்படவில்லை, எதிர்வீட்டு அண்ணனே தன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து குறுக்கே போட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் வந்தால் என்ன கண்ணாடி போடச் சொல்லலாம்? டஃபன்டு என்று பலப்படுத்திய கண்ணாடி விற்கிறார்களே, அதைப் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

நூல் கணக்கு எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். டஃபன்டு உடைந்தால் கோடு விழாது, ஒரே நேரத்தில் மொத்தமும் சின்னச் சின்னத் துண்டாகிக் கொட்டிவிடும், ஓரத்தை நெரித்தால் அதுவும் போகும், அளவு தவறினால் பிறகு அறுக்கவும் முடியாது. கீழே ஆள் நிற்கிற ஜன்னல் என்பதால் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் லேமினேட்டட் கேளுங்கள், உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலத்தோடு தங்கும். கூடுதல் கனத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவு கட்டாது என்றால் 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும்.

ஆனால் எந்தக் கண்ணாடி போட்டாலும் பழைய லப்பத்தை மொத்தமாக எடுத்து, துருவைக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போட்டு இரும்பு தெரியும் வரை தேய்த்து, பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகுதான் பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே மூலையில் பிளக்கும், நான் மாற்றிய வீடுகளிலேயே இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, கிடைத்ததில் சின்ன அளவை எடுத்து, அதிலும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைத்து அறுக்கச் சொல்லுங்கள், அந்த ஒரு நூல்தான் கண்ணாடிக்கு மூச்சு விட இடம். ஆளைக் கூப்பிடாமல் நீங்களே வாங்குவதாக இருந்தால் தேவராஜ முதலி தெருவில் வரிசையாகக் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன, அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் அங்கேயே அறுத்து ஓரம் தேய்த்துக் கொடுப்பார்கள். லப்பம் மேல் தோல் கட்ட ஒரு வாரம் விட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள், பெயிண்ட் லப்பத்தைத் தாண்டிக் கண்ணாடி மேல் ஒரு மயிரிழை ஏற வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

அதுவரை தினமும் காலையில் அந்தப் பேனாப் புள்ளியைப் பாருங்கள். தாண்டிவிட்டால் இங்கே எழுதுங்கள், வேலை முடித்துத் திரும்பும் வழிதான், வந்து கழற்றிக் கொடுக்கிறேன்.