ஷெட்யூல் ஹெச் (லாபநோக்கற்ற மருத்துவமனைங்க அமெரிக்க வரித்துறைக்குத் தர்ற கணக்கு) படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

சிகாகோ பக்கத்து நண்பர்களே, ஒரு உதவி. இங்குள்ள ஒரு லாபநோக்கற்ற மருத்துவமனைக் குழுமம் வரிவிலக்கை வாங்கிக்கிட்டு, இல்லாதவங்க மேல பில்லுக்காக கேஸ் போடுது. சர்ச், மசூதி, நம்ம கோயில்காரங்க எல்லாரும் சேர்ந்து நிர்வாகத்தைப் பார்க்கப் போறோம்.

ஒபாமாகேர்னு சொல்ற 2010 மருத்துவச் சட்டப்படி, டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை நிதியுதவி விண்ணப்பத்தை வாங்கணும். 120 நாளுக்குள்ள கேஸ் போடக் கூடாது. விண்ணப்பத்தைக் காகிதத்துல இலவசமா தரணும். இங்கயோ கவுன்ட்டர்ல கேட்டா "வெப்சைட்ல பாருங்க"ன்னு அனுப்புறாங்க. எண்பது வயசுப் பாட்டிகிட்டயுமா!

அவங்க வரித்துறைக்கு வருஷாவருஷம் தர்ற படிவம் 990, அதோட இணைப்பான ஷெட்யூல் ஹெச் கையில இருக்கு. இலவச சிகிச்சைச் செலவையும் மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவைவிடக் குறைவா தர்றதால வர்ற பற்றாக்குறையையும் கூட்டி ஒரே தொகையா பெருமை பேசுறாங்க. அதைப் பிரிச்சுச் சொல்ல ஒரு கணக்காளர் வேணும். ஸ்பானிஷ் தெரிஞ்சவங்களும் வந்தா நல்லது. இன்பாக்ஸ்ல சொல்லுங்க.