ஊருக்குள்ள சோம்பி வந்தால்: தனிய ஆடினாக்கள் அனுபவம் சொல்லுங்கோ

கொக்குவில் பெடியன்:
ஆர்பிஜி எண்டால் ஒரு பாத்திரத்தை எடுத்து, டைஸ் உருட்டிக் கதை சொல்லி ஆடுற ஆட்டம். வெளிநாட்டுக்காரர் எழுதின சோம்பி (செத்தும் எழும்பி நடக்கிற பிணம்) ஆர்பிஜியளில மோல், துவக்குக் கடை, ஹைவே எண்டுதான் வரும். ஆக்களோட சேர்ந்து ஆடேக்க பரவாயில்லை, கதையை நடத்துற கேம் மாஸ்டர் எல்லாத்தையும் சொல்லுவார். தனிய ஆடேக்கதான் கரைச்சல். அந்த மோலின்ர பின்கதவு எங்க எண்டும் டைஸிட்டக் கேக்கோணும், கதவுக்கு அங்கால என்ன எண்டும் டைஸிட்டத்தான். எல்லாத்தையும் டைஸ் சொன்னால் அது கதையில்லை, லொத்தர்.

அதால கம்பெய்னை, எண்டால் முழுக் கதையையும், தூக்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ள வைச்சன். இஞ்ச எந்த ஒழுங்கையால போனால் எங்க மிதக்கலாம் எண்டு எனக்குத் தெரியும். தெரியாததை மட்டும் டைஸிட்டக் கேட்டால் காணும்.

தொடக்கம் இதுதான்: குடாநாட்டுக்கு வாற பெரிய றோட்டு ஆனையிறவால, அதை அங்கால உள்ளவை அடைச்சிட்டினம். 2011 இல திறந்த சங்குப்பிட்டிப் பாலமும் மூடியாச்சு. கிழக்கால சுண்டிக்குளம் பக்கம் மணல் பாதை ஒண்டு மிச்சம், அங்க என்ன நிலைமை எண்டு ஆருக்கும் தெரியாது. என்ர ஆள் ஒரு வயர்மன். கூட, அவன்ர அக்காவின்ர பெட்டை. போகவேண்டிய இடம் நெடுந்தீவு. பண்ணைப் பாலத்தால வேலணை, புங்குடுதீவு, குறிகாட்டுவான் வரைக்கும் றோட்டு இருக்கு. அங்கால வள்ளம் தேடோணும்.

ஓரக்கிளுக்கு, எண்டால் கேம் மாஸ்டருக்குப் பதிலா ஓம், இல்லை எண்டு மறுமொழி சொல்லுறதுக்கு, ஆறுமுக டைஸ் காணும். 6 எண்டால் "ஓம், அதோட இன்னும்", 5 "ஓம்", 4 "ஓம், ஆனால்", 3 "இல்லை, ஆனால்", 2 "இல்லை", 1 "இல்லை, அதோட இன்னும்". நடக்கக்கூடிய விசயமெண்டால் ரெண்டு டைஸ் உருட்டிக் கூடினதை எடுக்கிறன், கஷ்டமான விசயமெண்டால் குறைஞ்சதை. ஆட்டத்தின்ர உயிர் அந்த "ஆனால்" தான்.

தாவடிப் பக்கம் ஒரு ஒழுங்கை, ரெண்டு பக்கமும் தகர வேலி. முன்னால ஒண்டு நிக்குது, சாரம் கட்டின கிழவன், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதுக்கும் எங்களுக்கும் நடுவில ஒரு படலை. பூட்டாமக் கிடக்கோ எண்டு கேட்டன். 4 விழுந்தது. என்ன "ஆனால்" எண்டு யோசிக்கத் தேவையே இல்லை. தகரப் படலை நிலத்தில அரையாமத் திறந்ததை நான் இதுவரைக்கும் காணேல்லை. கொப்பியில சத்தத்துக்கெண்டு ஆறு பெட்டி கீறி வைச்சிருக்கிறன், ரெண்டு பெட்டி நிரம்பிச்சு. கிழவன் திரும்பிச்சு. ஆறும் நிரம்பினால் கூட்டமா வருவினம்.

நீங்கள் எப்பிடி ஆடினனீங்கள்?

கிணத்தடி:
தம்பி, எனக்குச் சாமான் கணக்குத்தான் ஆட்டமே. சாப்பாடு, தண்ணி, வெளிச்சம், ஒவ்வொண்டுக்கும் ஒரு டைஸ். பன்னிரண்டு முகத்தில தொடங்கும். பாவிக்கிற நேரம் உருட்டி 1 அல்லது 2 வந்தால் பத்துமுகத்துக்கு இறங்கும், பிறகு எட்டு, ஆறு, நாலு. நாலுமுகத்திலயும் வந்தால் சாமான் முடிஞ்சுது. அரிசி எத்தினை சுண்டு எண்டு எண்ணத் தேவையில்லை, ஆனா பயம் இருந்துகொண்டே இருக்கும்.

பட்டியல் எழுதேக்க அம்மா எட்டிப் பாத்தா. பற்றரி, பெற்றோல், டின் மீன், சவுக்காரம் எண்டு எழுதியிருந்தன். "உதெல்லாம் உனக்கு ஆர் பிள்ளை தாறது?" எண்டு பேனையைப் பறிச்சா. சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலம் முழுக்க இஞ்ச குடும்பம் நடத்தின மனிசி. பற்றரியை வெட்டிப்போட்டு சைக்கிள் டைனமோ எண்டு எழுதினா, ஒராள் மிதிச்சால் ரேடியோ கேக்கலாம். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தில் விளக்கு, கொஞ்ச மண்ணெண்ணெய், பஞ்சுத் திரி. மோட்டச்சைக்கிள் ஓடுறதும் மண்ணெண்ணெயிலதானாம், ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். சவுக்காரத்துக்குப் பனம்பழம். டின் மீனுக்குப் பதிலா ஒடியல், அதுதான் காயவைச்ச பனங்கிழங்கு. "காஞ்சதெண்டால் மாதக்கணக்கில கிடக்கும். இடிச்சால் மா, மாவெண்டால் பிட்டும் கூழும்." இப்ப என்ர ஆட்டத்தில ஒடியல் டைஸ் 1 வந்தால் மட்டும்தான் இறங்கும்.

ஒண்டில மட்டும் நானும் அம்மாவும் ஒத்துவரேல்லை. சோம்பி கிணத்துக்க விழுந்தால்? "இறைச்சு விடு" எண்டா. அது காணாதம்மா எண்டன். இஞ்ச அடியில சுண்ணாம்புக்கல், ஒரு கிணத்து ஊத்தை அயல் கிணத்துக்கும் போகும். அதால ஒரு கிணறு கெட்டால் பக்கத்துக் கிணறுகளுக்கும் டைஸ் உருட்டிறன். வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லாத ஊரில இதைவிடப் பயங்கரமா எந்தச் சோம்பியும் செய்யேலாது.

பருத்தித்துறை 304:
டைஸ் இல்லாதாக்கள் 304 எண்ட காட்ஸ் விளையாட்டின்ர கட்டில ஆடலாம். 32 காட்ஸ், பெறுமதி எல்லாருக்கும் பாடம்: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டும் ஏழும் சைபர். புது இடத்துக்குப் போகேக்க ஒண்டு இழுக்கிறது. சைபர் எண்டால் ஒருத்தருமில்லை. 2, 3 எண்டால் ஒண்டு ரெண்டு நிக்குது. 10, 11 எண்டால் வீடு நிறைய. ஒன்பது விழுந்தால் ஓடு. ஜாக் வந்தால் ஓடவும் வழியில்லை.

தொடங்க முதல் ஒண்டைப் பாக்காமக் கவிட்டு வைக்கோணும். அதுதான் துரும்பு. சத்தப் பெட்டி நிரம்பினவுடன திருப்பு. அதுக்குப் பிறகு அந்த இனத்தில வாறதெல்லாம் ரெட்டிப்பு. எட்டும் ஏழும் ரெட்டிச்சாலும் சைபர்தானே, அந்தளவுக்கு ஆறுதல். கை சேராத இரவில அந்தக் கட்டுக்கு இது நல்ல வேலை.

நாவற்குழி:
பிள்ளையள், எல்லாம் வாசிச்சன், வடிவா இருக்கு. நான் உங்களைவிட வயசாள், ஒண்டு சொல்லுறன். நானும் உப்பிடித்தான் ஊர் வரைபடத்தில ஆடத் தொடங்கினன், தென்மராட்சிக்குப் போற பாதையில. கூட்டம் வருது எண்டு டைஸ் சொல்லிச்சு. இடம் நாவற்குழிப் பாலம். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி வருதெண்டு வலிகாமச் சனமே இடம்பெயர்ந்து அந்தப் பக்கத்தாலதான் நடந்தது. மழை. அடி எடுத்து வைக்க இடமில்லை. அந்தப் பாலத்தில நிக்கிற சனத்தைச் சோம்பி எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை.

ஆட்டத்தை விடேல்லை. கொப்பியின்ர முதல் பக்கத்தில ஒரு கோடு கீறினன். கோட்டுக்கு அங்கால ஆமி, செல்லடி, பங்கர், அந்தப் பாலம். இதுகள் என்ர கதைக்க வராது. வந்தால் திரும்ப உருட்டிறது. நாலுபேர் சேர்ந்து ஆடுற இடங்களில தொடங்க முதல் இதைக் கேட்டு எழுதிறவை. தனிய ஆடுறாக்கள் எங்களுக்கென்னத்துக்கு எண்டு விட்டிடுவினம். எங்களுக்குத்தான் கூடத் தேவை, "காணும், நிப்பாட்டு" எண்டு சொல்ல மேசைக்கு அங்கால ஆளில்லை. கிணத்தடிப் பிள்ளையின்ர அம்மா எழுதிக் குடுத்த பட்டியலைக்கூட என்னால ஆடேலாது. அது ஆளுக்காள்.

கொக்குவில் பெடியன்:
சரி ஐயா. நான் அதுக்குப் பிறகு பிறந்தனான், எனக்கு வீட்டில சொன்ன கதை மட்டும்தான் தெரியும். என்ர கோட்டுக்கு அங்கால ஒண்டே ஒண்டு எழுதினன்: பெட்டை சாகாது, டைஸ் என்ன சொன்னாலும்.

304 அண்ணை, துரும்பு திருப்பினன். திருப்பின கையோட அதே இனத்தில ஒன்பது. எப்பிடியோ பண்ணை தாண்டி வேலணையில நிக்கிறம்.

தீவான்:
நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தால் கதை முடிஞ்சுது எண்டு நினைக்காதை தம்பி. சோம்பி நீந்தாது எண்டே வைப்பம். குடிதண்ணிக்கு என்ன செய்வாய்? கனக்கக் கிணறு உவர். முருகைக்கல் வேலி நல்லது, குதிரையும் நிக்குது, ஆனா அரிசியும் மருந்தும் வள்ளத்தில வந்தால்தான் உண்டு. அப்ப ரெண்டாம் பாகம் என்னெண்டால், சாமான் எடுக்கத் திரும்பிக் குறிகாட்டுவானுக்கு வாறது. அதுதான் முதல் பாகத்தைவிட ருசி.

வள்ளத்து எஞ்சினும் மண்ணெண்ணெயிலதான் ஓடுது. விளக்குக்கு ஒரு டைஸ், எஞ்சினுக்கு ஒரு டைஸ் எண்டு பிரிச்சு வைக்காதை, ரெண்டுக்கும் ஒண்டுதான். இப்ப எத்தினை முகத்தில நிக்குது?

கொக்குவில் பெடியன்:
ஆறில அண்ணை. வள்ளம் இன்னும் கிடைக்கேல்லை.

தீவான்:
அப்ப இண்டையில இருந்து விளக்குக் கொளுத்தாதை.