மண் அணைக் கரையில் கலங்கல் கசிவு, விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். ஓடையை மறித்து தாத்தா காலத்தில் போட்ட சின்ன மண் அணைதான் எங்களுக்கு ஆதாரம். கேரளா என்றாலே மழை என்பார்கள். இந்தக் கிழக்கு ஓரத்துக்கு அது பொருந்தாது. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து எங்கள் பக்கத்துச் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீரும் எங்கள் மேட்டுக்கு ஏறாது. அணையில் தண்ணீர் நின்றால்தான் கீழே கிணறு ஊறும், தென்னை பிழைக்கும்.

போன வாரம் கரையின் வெளிச்சரிவு அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கசிவு பார்த்தேன். அன்று தெளிவாக இருந்தது. நேற்று சொம்பில் பிடித்து வைத்தால், அரை மணி நேரத்தில் அடியில் செம்மண் படிந்துவிட்டது. கலங்கல் வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். சரியாக அதற்கு மேலேதான் முன்பு வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டை. வேர் மட்கி வழி விட்டிருக்கும் என்பது என் கணிப்பு. வேரோடு எடுக்காமல் விட்டது எங்கள் தப்பு.

மதகைக் கொஞ்சமாகத் திறந்து மட்டத்தைக் குறைக்கிறோம். வேகமாக வடித்தால் உட்சரிவு சரியும். கசிவின் வாயில் மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டிருக்கிறோம், தண்ணீர் வந்தாலும் மண் வராமல் இருக்க.

அப்புறம் என்ன செய்வது? அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துக் களிமண் நிரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் போதுமா, கரையையே வெட்டிக் கட்ட வேண்டுமா? இந்த வேலை செய்தவர்கள் யாராவது நேரில் வந்து பார்க்க முடியுமா? வண்டிச் செலவும் சாப்பாடும் எங்களுடையது. ஐப்பசி மழைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.