முற்றத்தில் பழகிய பட் மலையில் எடுபடுமா?

பள்ளத்தூரான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட கோல்ஃப், ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கே நான் ஆடியது தட்டையான மைதானம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அதாவது கிரீன் எல்லாம் சாப்பாட்டு மேசை மாதிரி. கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் பட், ஒரு சுற்றுக்கு 32, 33ஐத் தாண்டாது. இப்போது காரைக்குடி நண்பர்கள் இரண்டு பேரோடு அவ்வப்போது கோடைக்கானல் ஏறுகிறோம். 1895இல் தொடங்கிய மைதானம், ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். காலுக்குக் கீழே சமதளம் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன வாரம் எண்ணிப் பார்த்தேன். 43 பட். ஆறு கிரீனில் மூன்று மூன்று பட், ஒன்றில் நான்கு. கிரீனுக்கு வெளியே நின்று பந்தைச் சற்றே எழுப்பித் தட்டுகிற சிப் அதைவிட மோசம். இந்தப் பக்கம் நின்று தட்டினால் பந்து அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. அங்கே போய்த் தட்டினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

அடுத்த பயணத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது. ஓடிப் போய்ப் பழகப் பக்கத்தில் மைதானம் கிடையாது. அதனால் வீட்டு வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய நடையும்) ஆத்தங்குடிக் கல் மேல் தினமும் அரை மணி நேரம் பட் போடுகிறேன். சிப்புக்குத் தண்ணீர் வற்றிய கண்மாய். இதனால் மலையில் ஏதாவது பிரயோசனம் உண்டா, இல்லை எங்கள் ஆச்சியிடம் திட்டு வாங்குவதுதான் மிச்சமா?

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, முதலில் அந்தக் கல் தரையை விடுங்கள். எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆன தரை அது. கிரீன் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு சாய்வுப் பட்டை உண்டு. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935இல் யோசித்தது. அதில் உருட்டிவிட்ட பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் அந்த கிரீனின் வேகம். சாதாரண கிளப்பில் எட்டு, ஒன்பது அடி. பெரிய போட்டிகளில் பன்னிரண்டு, பதின்மூன்று. நான் விளையாட்டாக ஒரு வயரிங் பட்டையைச் சாய்த்து எங்கள் வீட்டு வளவில் உருட்டினேன். பந்து வளவையே கடந்து எதிர்த்தூணில் மோதி நின்றது. அந்த வேகத்துக்குக் கை பழகினால், புல்லில் எல்லாமே பாதியில் நின்றுவிடும்.

உங்கள் வியாதி வேகம் தெரியாததுதான். கணக்குப் பாருங்கள். முப்பதடிப் பட்டில் திசை ஒரு டிகிரி தவறினால் பந்து கப்பை (குழியை) விட்டு ஆறேகால் அங்குலம் விலகும். அதைத் தட்டிப் போட்டுவிடலாம். அதே பட்டில் வேகம் பத்தில் ஒரு பங்கு தவறினால் ஏறக்குறைய ஆறடி மிச்சம். மூன்று பட் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

இரண்டாம்கட்டு | ஞாயிறு, இரவு 11.02

தம்பி கணக்குச் சரி, முடிவு தப்பு. அந்த ஆறடி மிச்சத்தை யார் போடுவது? ஆறடியில் ஒரு டிகிரி தவறினால் ஒன்றேகால் அங்குலம்தான் விலகும், கப்பின் பாதி அகலம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அதாவது, ஒன்றரை டிகிரிக்குள் பந்தை நேராக விடத் தெரிந்தவனுக்குத் தட்டையான ஆறடி பயமில்லை. சரிவில் அந்தச் சலுகை இன்னும் சுருங்கும். நேராக விடவே தெரியாதவன் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

பந்தை நேராக விடப் பழகக் கல் தரையைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு தீப்பெட்டியை நிறுத்தி, நடுவில் பந்து மட்டும் நுழைகிற சந்து விடுங்கள். பந்தின் குறுக்களவு 43 மில்லிமீட்டர், சந்து 50 இருக்கட்டும். தினம் நூறு பந்து. கல்லோடு கல் சேரும் கோடு கண்ணுக்கு அளவுகோல் மாதிரி உதவும்.

கப்புக்கு வட்டம் வரைய அளவு கேட்பீர்கள்: 108 மில்லிமீட்டர். நம் ஊருக்கு ராசியான எண்தான்.

கண்மாய்க்கரை | திங்கள், காலை 6.50

கல் சேரும் கோட்டில் வைத்து விட்டால் பந்து தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரி தானாகவே நேராகப் போகும். நீங்கள் போட்ட பட் நேராகப் போனது என்று நீங்களே நம்பிக்கொள்ளலாம்.

இரண்டாம்கட்டு | திங்கள், காலை 7.20

கோட்டின் மேல் வைக்கச் சொல்லவில்லை, கோட்டைப் பார்த்துக்கொண்டு கல்லின் நடுவில் வைக்கச் சொன்னேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ரோடு இருக்காதா?

ரஸ்தா_ரவுண்டு | திங்கள், காலை 9.05

இரண்டு பேரும் தப்பான நோய்க்கு மருந்து எழுதுகிறீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளை எல்லாம் பிரித்துக் கணக்குப் போட்டவர். நல்ல ஆட்டக்காரனுக்கும் சராசரி ஆட்டக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தில் பட்டின் பங்கு 15 சதவீதம், சிப் போன்ற சின்ன அடிகளுக்கு 17. மீதி, அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நீண்ட அடிகளில்தான். பந்தை கிரீனுக்குக் கிட்டே கொண்டுவரத் தெரிந்தால் முப்பதடிப் பட்டே வராது. ஏழு வாரத்தை வளவில் வீணடிக்காமல், ஒரு வலையைக் கட்டி அயர்ன் (இரும்புத்தலை மட்டை) அடித்துப் பழகுங்கள்.

கோலமாவு | திங்கள், காலை 11.30

ரஸ்தா அண்ணே, அந்தக் கணக்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்துப் போட்டது. அவர்கள் ஒரு சுற்றில் ஆறு மூன்று பட் போட்டால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். பள்ளத்தூர் அண்ணன் இரண்டு பட்டோடு முடித்திருந்தால் அந்த ஏழு கிரீனிலேயே எட்டு பட் மிச்சம். வலை கட்டி அதே எட்டைக் குறைக்க எத்தனை மாதம் ஆகும்?

இன்னொன்று. எட்டடிப் பட்டை உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். அதனால் ஆறடியை நூறு தடவை பழகி எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று கனவு காண வேண்டாம். முதல் பட்டை மூன்றடிக்குள் நிறுத்துவதுதான் வழி. இந்த விஷயத்தில் என் ஓட்டு கண்மாய்க்கரைக்கு.

ஆனால் கல் தரை வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வளவில் நீள ஜமுக்காளம் விரித்தால் வேகம் பாதியாகிவிடும். பத்தடி, இருபதடி, முப்பதடியில் சாக்பீஸ் கோடு. குழி எதுவும் வேண்டாம், கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்குள் பந்து நின்றால் போதும். ஒரு நாள் ஜமுக்காளம், மறுநாள் வெறும் கல். வேகம் மாறிக்கொண்டே இருந்தால்தான் புது கிரீனில் கை உடனே பிடித்துக்கொள்ளும்.

பள்ளத்தூரான் | திங்கள், பிற்பகல் 3.10

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என் பட் எல்லாம் கீழ்ப்பக்கமாகவே விலகிப் போகிறது. மேட்டுப் பக்கம் போனதாக நினைவே இல்லை. இது வேகத்தின் தப்பா, குறிவைக்கும் கோட்டின் தப்பா?

கண்மாய்க்கரை | திங்கள், பிற்பகல் 3.40

வேகம். கப்புக்குப் பக்கத்தில் பந்து சாகும்போதுதான் சரிவு அதை இழுக்கிறது. கப்பை ஒரு முழம் தாண்டும்படி போட்டால் அவ்வளவு இழுக்காது.

இரண்டாம்கட்டு | திங்கள், மாலை 4.15

கோடு. சரிவைப் பாதிதான் கணக்கில் எடுக்கிறார். தட்டை மைதானத்தில் பழகிய கண் அப்படித்தான் ஏமாறும். அதிலும் மலையில் மொத்த மைதானமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, கொஞ்சம் சாய்ந்த கிரீன் தட்டையாகவே தெரியும்.

இதற்கு நம் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. முற்றத்தைக் கட்டிய கொத்தனார் தண்ணீர் சலதாரைக்கு ஓடும்படி வாட்டம் விட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாது. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் தெரியும். முதலில் எந்தப் பக்கம் ஓடும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். பிறகு அதே இடத்தில் பந்தை உருட்டுங்கள். ஒரு வாரத்தில் கண் திருந்தும். மலையில் கிரீன் மேல் ஏறும்போதும் அதே கேள்விதான்: இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்த ஓரத்தில் இறங்கும்? கப்புக்குக் கீழே, தாழ்ந்த பக்கத்தில் நின்று பாருங்கள், சரிவு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

கண்மாய்க்கரை | திங்கள், மாலை 4.30

செம்புத் தண்ணீர் யோசனை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்த வேகத்தில் விடப் போகிறோம் என்று தெரியாமல் எந்தக் கோட்டைப் பார்ப்பீர்கள்? ஒரே சரிவில் மெல்ல விட்டால் ஒரு கோடு, வேகமாக விட்டால் இன்னொரு கோடு. முதலில் வேகம், பிறகுதான் கோடு.

கோலமாவு | திங்கள், இரவு 8.20

சிப்பை யாருமே தொடவில்லையே. அண்ணே, எந்த வெட்ஜில் (பந்தை உயர எழுப்பும் சாய்முக மட்டை) சிப் போடுகிறீர்கள்?

பள்ளத்தூரான் | திங்கள், இரவு 8.45

எப்போதும் 56 டிகிரிதான். மலேசியாவில் அதுதான் கை வந்தது.

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 9.00

அதைப் பையிலேயே வைத்துவிடுங்கள். எட்டாம் நம்பர் அயர்னைப் பட்டர் மாதிரி பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தட்டுங்கள். பன்னிரண்டு கணக்கு என்று பழைய வழி ஒன்று உண்டு. பன்னிரண்டிலிருந்து கிளப் (மட்டை) நம்பரைக் கழியுங்கள். எட்டாம் நம்பர் என்றால் நான்கு: பந்து ஒரு பங்கு பறந்து நான்கு பங்கு உருளும். ஒன்பதாம் நம்பர் ஒன்றுக்கு மூன்று, பிட்சிங் வெட்ஜைப் பத்து என்று வைத்தால் ஒன்றுக்கு இரண்டு. கிரீன் ஓரத்தைத் தாண்டி ஒரு கஜத்தில் விழுகிற மாதிரி கிளப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கோலமாவு | திங்கள், இரவு 9.35

தட்டை கிரீனுக்கு அது அருமையான கணக்கு. இறக்கத்தில் எட்டாம் நம்பரைத் தட்டினால் ஒன்றுக்கு நான்கு எங்கே நிற்கும்? மறுபக்கத்துக்கே போகும், அண்ணன் இப்போது போகிற இடத்துக்குத்தான். இறக்கத்தில் பந்து உயர்ந்து மெதுவாக விழ வேண்டும், அதற்கு 56 கட்டாயம். ஏற்றத்தில் வேண்டுமானால் எட்டு, ஒன்பது.

அண்ணனின் கோளாறு கிளப்பில் இல்லை, அடி விழுகிற இடத்தில் இருக்கலாம். பந்தைத் தொடுவதற்கு முன்பே கிளப் தரையைத் தொட்டால், கண்மாய் மாதிரி கெட்டித் தரையில் வெட்ஜின் அடிப்பாகம் எகிறிப் பந்தின் நடுவில் இடிக்கும், பந்து பறந்துவிடும். சோதிக்கச் சுலபமான வழி: கண்மாயில் மணலான ஓரமாகப் பார்த்துக் கோலமாவால் ஒரு கோடு போடுங்கள். பந்து இல்லாமல் சுழற்றுங்கள். கிளப் கோட்டிலோ அதற்கு அந்தப் பக்கமோ தொட வேண்டும். பிறகு கோட்டில் பந்தை வைத்து, பத்து தப்படி தள்ளி ஒரு சொளகை வைத்து அதில் விழவையுங்கள். பார்வை சொளகில் இருக்கட்டும், கப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். (என் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வாசலில் மிஞ்சிய மாவு வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.)

ரஸ்தா_ரவுண்டு | திங்கள், இரவு 10.10

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு, முழு அடியில் பந்து பத்து சதவீதம்வரை கூடுதலாகப் போகும். அண்ணன் ஊர்க் கணக்கில் கிளப் எடுத்தால் பந்து கிரீனுக்குப் பின்னால் போய் விழும். பின்பக்கம் மேடாக இருந்தால் அடுத்தது இறக்கச் சிப். கிரீனுக்குக் கீழ்ப்பக்கம் பந்தை நிறுத்தினால் ஏற்றச் சிப், ஏற்றப் பட். இரண்டுமே சுலபம். சிப் பழகுவதைவிட, எந்தப் பக்கம் தவறலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது லாபம்.

இரண்டாம்கட்டு | திங்கள், இரவு 10.25

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காலையில் உங்களோடு யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

பள்ளத்தூரான் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.50

நேற்று ஆடிவிட்டு வந்தோம். 37 பட். மூன்று பட் இரண்டே கிரீனில். ஜமுக்காளமும் செம்புத் தண்ணீரும் உதவின. கீழே நிறுத்துவது என்று ரஸ்தா சொன்னதைப் பாதி கிரீனில்தான் செய்ய முடிந்தது, ஆனால் அந்தப் பாதியில் தலைவலியே இல்லை. சிப் இன்னும் சரியாகவில்லை. ஏற்றத்தில் ஒன்பதாம் நம்பர் நன்றாக வந்தது. இறக்கத்தில் 56 எடுத்து இரண்டு தடவை பந்தை மண்டையில் அடித்தேன். சொளகு மூன்று உடைந்ததில் ஆச்சிக்கு வருத்தம்.

ஒரு கிரீனில் காட்டுமாட்டின் குளம்படி என் கோட்டிலேயே பதிந்திருந்தது. 2019 விதிகளின்படி அதைச் சரிசெய்துவிட்டுப் பட் போடலாம் என்று நண்பர் சொன்னார். மாடு அப்போதும் பக்கத்துச் சரிவில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. குனிந்து சரிசெய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாம்கட்டு | ஞாயிறு, இரவு 11.05

ஆறடிப் பட் எத்தனை விழுந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

பள்ளத்தூரான் | ஞாயிறு, இரவு 11.12

அந்தத் தூரத்தில் பத்து வந்தது, ஆறு விழுந்தது. அந்த ஆறில் மூன்று, கொடிக்கம்பில் இடித்து விழுந்தது. இப்போதுதான் கம்பை எடுக்காமலே பட் போடலாமே.

இரண்டாம்கட்டு | ஞாயிறு, இரவு 11.15

கம்பு அரை அங்குலம், முக்கால் அங்குலம் இருக்கும். அதில் போய் இடித்தது என்றால் கோடு எவ்வளவு சுத்தம் பாருங்கள். தீப்பெட்டிக்கு நன்றி சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 11.18

கம்பு இல்லாவிட்டால் அந்த மூன்றும் மாடு நின்ற இடத்துக்கே போயிருக்கும்.