புகைக்கரியைச் சேர்த்தும் மழை மாறவே இல்லை, டபிள்யூஆர்எஃப்-கெம் வானிலை-வேதியியல் கணினி மாதிரியில் என்ன தப்பு?

மேகநாடி:
கங்கைச் சமவெளிப் புகை பருவமழையை என்ன செய்கிறது என்று பார்க்க இரண்டு ஓட்டம் விட்டேன். ஒன்றில் புகைக்கரி, சல்பேட் உமிழ்வு முழுதாக; இன்னொன்றில் பூஜ்யம். மே முதல் செப்டம்பர் வரை, மாதிரிப் பரப்பின் விளிம்புகளுக்கு ஊட்டும் எல்லைத் தரவு ஈஆர்ஏ5 (அளவீடுகளைக் கொண்டு கடந்தகால வானிலையை மீட்டெடுத்த உலகத் தரவு). கான்பூர் கட்டத்தில் ஏரோசால் ஒளியியல் தடிமன் (காற்றிலுள்ள துகள்கள் வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவு) நன்றாகவே ஏறுகிறது. ஆனால் இரண்டு மழைக் கோப்புகளையும் கழித்தால் எல்லாக் கட்டத்திலும் 0. கடைசி இலக்கம் வரை! நான்கு நாள் கணினி நேரம் போச்சு.

கருமுகில்:
கடைசி இலக்கம் வரை ஒரே மாதிரி என்றால் அது இயற்பியல் இல்லை, சுவிட்ச். நேம்லிஸ்டில் (மாதிரியின் அமைப்புக் கோப்பு) 'ஏர்_ரா_ஃபீட்பேக்' 0 என்று இருக்கும், பாருங்கள். துகள்கள் மிதக்கும், பரவும், படியும். கதிர்வீச்சுக் கணக்குக்கு அவை இருப்பதே தெரியாது. 1 ஆக்குங்கள். சிற்றலைக் கதிர்வீச்சுக்கு, அதாவது வெயிலுக்கு, ஆர்ஆர்டிஎம்ஜி என்ற கணக்குமுறை இருக்கட்டும்.

மேகநாடி:
அதேதான், 0! மாற்றியதும் மழை மாறுகிறது. ஆனால் குறையும் என்று நினைத்தால், ஜூனில் இமயமலை அடிவாரத்தில் கூடுகிறது. இன்னும் ஏதாவது தப்பா?

கருமுகில்:
கூடினால் தப்பு என்று யார் சொன்னது? சல்பேட் வெயிலைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். கரி வெயிலை விழுங்கி, தான் இருக்கும் காற்றடுக்கையே சூடாக்கும். மலைச்சரிவில் குவியும் தூசும் கரியும் பருவமழைக்கு முன்பே ஈரக்காற்றை வடக்கே இழுக்கும் என்று 2006இல் லாவ் குழு சொன்னது, எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2011இல் பொல்லசினா, மிங், ராமசுவாமி மூவரும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தெற்காசிய மழை குறைந்ததற்கு மனித உமிழ்வுத் துகள்களே பெரும்பங்கு என்றார்கள். அது கடலோடு இணைந்த உலக மாதிரி. உங்களுடையதில் கடற்பரப்பு வெப்பம் வெளியிலிருந்து ஊட்டப்படுகிறது. புகையின் நிழலில் கடல் குளிர வழியே இல்லை. அந்தக் குறைவை இந்த அமைப்பில் தேடாதீர்கள்.

வானிலைவாசி:
நட்ஜிங் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் மாதிரியின் காற்றை ஈஆர்ஏ5 தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். துகளால் வரும் மாற்றம் எழும்போதே அமுங்கிவிடும். அப்புறம், ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள், அதில் வரும் மாற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். தொடக்க நாளை ஒவ்வொரு நாளாகத் தள்ளி ஐந்து ஜோடி (புகையோடு ஒன்று, புகையின்றி ஒன்று) விடுங்கள்.

மேகநாடி:
நட்ஜிங் இருந்தது, எடுத்துவிட்டேன். ஐந்து ஜோடியும் முடிந்தது. தரைக்கு வரும் வெயில் ஐந்திலும் குறைகிறது. அடிவார ஜூன் மழை மூன்றில் கூடுகிறது, இரண்டில் குறைகிறது. 'அடிவாரத்தில் மழை கூடுகிறது' என்று ஆய்வறிக்கையில் அவசரப்பட்டு எழுதிவைத்த வரியை இப்போதுதான் அழித்தேன். அடுத்து பத்து ஜோடி ஓடுகிறது.