மறு: ஃப்ளக்ஸ் – ‘இளக்கி’ போதுமா?

நண்பர்களே,

> பாடநூலில் ‘இளக்கி’ இருக்கிறதே, புதிதாக ஒரு சொல் எதற்கு?

ஃப்ளக்ஸ் (flux) என்பது உலோகத்தை உருக்கும்போதோ பற்றவைக்கும்போதோ சேர்க்கும் துணைப்பொருள். உலோகவியலில் அதற்கு ‘இளக்கி’ நல்ல சொல்தான். ஊதுலையில் சுண்ணாம்புக்கல், தாதுவோடு வரும் மணலை இளகிய கசடாக்கி வெளியேற்றுகிறது. நம் பற்றவைப்புக் கையேடோ வீட்டு மேசையில் சர்க்யூட் பலகையை வைத்துக்கொண்டு உட்காருபவருக்கானது. இங்கே எது எப்போது உருகும் என்பதை உலோகக் கலவையே தீர்மானித்துவிடுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு (சால்டர், உலோகங்களை ஒட்ட உருக்கும் கலவை) 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் இல்லாத, வெள்ளியும் செம்பும் சிறிது சேர்ந்த வகைக்கு 217 டிகிரியாவது வேண்டும். ஃப்ளக்ஸ் இந்த எண்களைக் குறைப்பதில்லை. செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றி, உருகிய பற்றாசு பரவிப் பிடிக்க வழிவிடுகிறது.

‘இளக்கி’ என்று எழுதினால் புதியவர் என்ன செய்வார்? பற்றாசு உருகவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் பசையை அப்புவார். கோளாறு பெரும்பாலும் சூட்டுக்கோலின் முனையில் இருக்கும். நுண்ணிய வேலை என்றாலே ஊசிமுனைதான் என்று வாங்கிவிடுகிறார்கள்; அதன் நுனி வழியாக வெப்பம் போதிய அளவு இறங்காது. 1.6 மி.மீ. உளிமுனையும் 0.6 மி.மீ. பற்றாசுக் கம்பியும் இருந்தால் பெரும்பாலான இணைப்புகளை முடித்துவிடலாம்.

‘வெங்காரம்’ (போராக்ஸ்) பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வருகிற சொல் என்பதால் அதையே வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒரு பொருளின் பெயர். அந்தப் பொருளும் 700 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் சூட்டுக்கோலை 350க்கு வைத்தாலே அதிகம்.

என் முன்மொழிவு: பற்றுத்துணை. முன்னொட்டுச் சேர்க்க வசதியான சொல். ‘பிசின் பற்றுத்துணை’, ‘அமிலப் பற்றுத்துணை’ என்று பிரித்து எழுதலாம். இந்தப் பிரிவு கையேட்டுக்கு அவசியம். குழாய் வேலைக்கு விற்கும் பசையில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். அதன் எச்சம் ஈரத்தை உறிஞ்சிச் செம்புத் தடங்களை அரித்துவிடும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டு அடிக்குறிப்பில் எச்சரித்தால் யார் படிக்கப்போகிறார்கள்? புகையைப் பற்றிய பத்தியிலும் இச்சொல் உதவும். மேலே எழும் புகை பிசினுடையது, காரீயத்தினுடையது அன்று. ஆனால் அந்தப் பிசின் புகையே ஆஸ்துமாவைக் கிளறும்; சன்னலைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். காரீயம் கை வழியாக வாய்க்குப் போகும், ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

> ‘பற்றாசு’ யாருக்குப் புரியும்? ‘ஈயம்’ என்றே எழுதுங்கள்.

எழுதினால் காரீயம் இல்லாத வகையை ‘ஈயமில்லா ஈயம்’ என்று எழுத நேரும். வெள்ளீயமும் ஈயம்தானே என்று அடுத்த மடல் வரும். ‘பற்றாசு’ நாம் உருவாக்கிய சொல்லும் இல்லை. இரு குறள்களை இடையில் ஓரிரு அசை சேர்த்து இணைக்கும் ஆசிடை நேரிசை வெண்பாவை விளக்கும் யாப்பருங்கலக் காரிகை உரையில், ஒட்டாத உலோகங்களைப் பற்றாசிட்டு இணைப்பதுதான் உவமை. வெண்பா படித்தவர்களுக்காவது புரியட்டும். மற்றவர்களுக்கு முதல் பக்கத்தில் ‘சால்டர்’ என்று ஒருமுறை சொல்லிவிடலாம்.

தவறாக வைத்த பற்றாசை உறிஞ்சி எடுக்கும் செம்புப் பின்னலுக்கு ‘உறிஞ்சுதிரி’ என்று வைத்திருக்கிறேன். ஐயா ஒருவர் ‘நீக்குநாடா’ என்று எழுதியிருந்தார். பின்னல் தட்டையானது, ஆகவே நாடா பொருந்தும். நுண்துளை ஈர்ப்பால் உறிஞ்சுவதைத் திரிதான் சொல்கிறது. இந்த ஒன்றில் மட்டும் மற்றவர்கள் கருத்தைச் சொல்லுங்கள், அதன்பின் மூன்றாம் இயலை அனுப்புகிறேன்.