கிரகணக் கணக்கும் உயிர்த்தெழுதலும்

வேப்பமரத்தடி:
ஞாயிறு ஆராதனையில் போதகர், "தொட்டால்தான் நம்புவேன் என்ற தோமாவைப்போல் இராதீர்கள்" என்றார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைத் தொட்டுப் பார்க்காமல் ஏற்க மறுத்த சீடர்தான் தோமா. அது இன்னும் உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் கணக்குப் போட்டுப் பார் என்றுதானே வாதிட்டார்கள்? 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் (அமெரிக்க மிஷனரிமாரின் உயர்கல்லூரி) வானவியல் கற்பித்தார்கள். 1829 சந்திர கிரகணத்தில் பஞ்சாங்கக் கணிப்பு பிசகியது, செமினரித் தலைவர் டானியல் பூவரின் கணிப்பு பொருந்தியது. அன்று வானத்தைப் பார்க்கச் சொன்னவர்கள், இயேசுவின் கல்லறைக் கதை வந்ததும் கண்ணை மூடச் சொல்வது என்ன நியாயம்?

மானிப்பாய் அக்கா:
தம்பி, கிரகணம் காட்டியது பஞ்சாங்கத்தின் பிழையை மட்டும். அதை வைத்து வேதத்தை நிறுவலாம் என்று எண்ணியது மிஷனரிமாரின் தவறு. அந்த செமினரியில் படித்த தமிழறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளையே பிறகு சைவத்துக்குத் திரும்பினார். சைவர் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்று அளவைகள், அதாவது அறியும் வழிகள், சொல்வார்கள். நம்முடையது உரையில் நிற்கும் சமயம்: கண்டவர்கள் சொன்னார்கள், நாம் ஏற்றோம். உரை ஒன்றும் இளப்பமான அறிவு அல்ல. 1995 இடப்பெயர்வில் என் ஞானஸ்நானப் பத்திரம் தொலைந்துபோயிற்று. அந்த நாள் எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்: நல்லூர்த் தேருக்கு அடுத்த ஞாயிறு, நல்ல மழை, ஐயா குடையோடு வந்தார்.

வேப்பமரத்தடி:
தேர் ஆவணியில். அந்த மாதத்தில் இங்கே நல்ல மழையா அக்கா? கிணறே அடி தெரியும் காலம். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் எழுதியது இதைத்தான்: நடப்பது எவ்வளவு அரிதோ, சாட்சி அவ்வளவு வலுவாக இருக்க வேண்டும். ஆவணி மழைக்கே இந்தப் பாடு என்றால் செத்தவர் எழுந்ததற்கு?

மானிப்பாய் அக்கா:
அரிதாகப் பெய்ததால்தானே அம்மாவின் மனத்தில் நின்றது! ஹியூமுக்கு அவர் காலத்திலேயே ஸ்கொட்லாந்தில் இன்னொரு தத்துவஞானி தோமஸ் ரீட் பதில் சொன்னார் (இவரும் ஒரு தோமாதான்). பிறர் சொல்லை நம்புவது குழந்தையோடு பிறக்கிறது, சந்தேகம் பின்னால் பழகுவது. எல்லாச் சொல்லையும் நிரூபித்த பிறகே ஏற்பதென்றால், உம்முடைய பெயர்கூட உமக்குத் தெரியாது.

கந்தபுராணக் கலாசாரம்:
சைவ அளவையைக் கடன் வாங்கியதற்கு நன்றி அக்கா, வட்டி வேண்டாம். ஆனால் உரை என்றால் ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், சொன்னது. உங்களுக்கு அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்), எங்களுக்கு ஆகமம். யாருடைய உரை? சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். அந்த வேதாகமத்தையே எடுத்து, எருசலேம் ஆலயக் கிரியைகள் சைவக் கிரியைகளை ஒத்திருப்பதை 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலில் காட்டினார். உங்கள் உரையே எங்களுக்குச் சாட்சி சொன்னது.

வேப்பமரத்தடி:
கேள்வி அதுதான். ஆப்தனை எதை வைத்துத் தெரிவது? அதற்கும் இன்னொருவரின் உரைதான் என்றால் செக்கைச் சுற்றுகிறோம். அக்கா, அம்மாவிடம் அந்த மழையைத் திரும்ப ஒருமுறை கேளுங்கள்.

மானிப்பாய் அக்கா:
கேட்டேன். "மழை என்று எப்போது சொன்னேன்? குடை வெயிலுக்கு" என்கிறார். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் தேருக்கு அடுத்த ஞாயிறு என்பதில் ஓர் அங்குலமும் அசையவில்லை. காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒத்துப்போகவில்லை என்று நீர் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். கல்லறை வெறுமையாக இருந்தது என்பதில் நான்கும் ஒன்று.